ஷூட்ஸின் ‘மூசிகாலிஷே எக்ஸேக்வியன்’: சிறிய குழு பாடி முடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஜெர்மன் இசையமைப்பாளர் ஹைன்ரிஷ் ஷூட்ஸ் 1636-இல் அச்சிட்ட ‘மூசிகாலிஷே எக்ஸேக்வியன்’ ஓர் இறுதிச்சடங்குக்காக எழுதப்பட்டது. கான்டாட்டா (பல பகுதிகளாக அமைந்த பாட்டிசை) என்ற பெயர் அதற்கு அப்போது இல்லை. ஆனால் வேத வசனம், கோரல் பாட்டு (சபையார் பாடும் பாட்டு), தனிக்குரல், கூட்டுக்குரல் எல்லாம் மாறி மாறி வரும் லூத்தரன் கான்டாட்டாவின் அமைப்பு இதிலேயே வந்துவிட்டது. முழுதும் பாட அரை மணி நேரத்துக்குச் சற்றுமேல் ஆகும். ஸ்டாஃப் நொட்டேஷன் வாசிக்கத் தெரிந்த எட்டுப் பேர், ஒரு கீபோர்டு, ஓரளவு நீளமான கூடம் இருந்தால் பாடிவிடலாம்.

புதிதாக எடுப்பவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். முதல் பக்கத்தைத் திறந்து ஸ்வரத்தைப் பிடிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பல வாரம் கழித்துப் பார்த்தால் யார் எந்த வரியைப் பாடுகிறார்கள் என்றே முடிவாகியிருக்காது, சாவுப்பாட்டுதானே என்று எல்லாமே மெதுவாக இழுபட்டுக் கிடக்கும். இந்த இசையில் ஒவ்வொரு வரிக்கும் பேசுகிற ஆள் ஒருவர் இருக்கிறார். அது யார் என்று தெரிந்த பிறகுதான் ஸ்வரத்துக்குப் போக வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான், தயவுசெய்து மாற்றாதீர்கள்.

1. சடங்கின் வரிசையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதற்கு ஐந்து நிமிடம் போதும், ஆனால் தவிர்க்கக் கூடாது. ஹைன்ரிஷ் போஸ்துமுஸ் ராய்ஸ் என்ற பிரபு 1635 டிசம்பரில் இறந்தார். 1636 பிப்ரவரி 4 அன்று ஜெர்மனியின் கேரா நகரில் அடக்கம் நடந்தது. தன் சவப்பெட்டியில் எந்தெந்த வசனங்களும் பாட்டு வரிகளும் எழுதப்பட வேண்டும் என்று அவரே உயிரோடிருக்கும்போது தேர்ந்தெடுத்து வைத்திருந்தார். அந்த வரிகளைத்தான் ஷூட்ஸ் முதல் பகுதியில் கோத்து, லத்தீன் பூசையின் கீரியே (இரக்கம் கேட்கும் வேண்டுதல்), குளோரியா (மகிமைப் பாட்டு) என்ற இரண்டு பாகங்களின் வடிவத்தில் அடுக்கினார்.

முதல் பகுதி பிரசங்கத்துக்கு முன். இரண்டாம் பகுதி பிரசங்கத்துக்குப் பின், பிரசங்கம் எடுத்துக்கொண்ட அதே சங்கீதம் 73:25-26. மூன்றாம் பகுதி உடலை அடக்கம் செய்யும் நேரத்துக்கு, குழந்தை இயேசுவைக் கண்ட முதியவர் சிமியோனின் பாட்டு. இது தெரியாவிட்டால் மூன்றையும் ஒரே மனநிலையில் பாடுவீர்கள். தெரிந்தால், முதல் பகுதியில் இறந்தவரே தன் வாயால் பேசுகிறார், இரண்டாவதில் சபை பதில் சொல்கிறது, மூன்றாவதில் அவரை வழியனுப்புகிறார்கள் என்று தெளிவாகிவிடும்.

2. ஆட்களை எண்ணுங்கள்

குறைந்தது எட்டுப் பேர்: இரண்டு சோப்ரானோ (உயர்ந்த பெண்குரல்), இரண்டு ஆல்டோ (தாழ்ந்த பெண்குரல்), இரண்டு டெனர் (உயர்ந்த ஆண்குரல்), இரண்டு பாஸ் (தாழ்ந்த ஆண்குரல்). இந்தக் கணக்குக்குக் காரணம் இருக்கிறது. முதல் பகுதிக்கு ஆறு தனிக்குரல் வேண்டும் (சோப்ரானோ 2, ஆல்டோ 1, டெனர் 2, பாஸ் 1), ஆனால் நடுவில் இரண்டு பாஸ் மட்டும் பாடும் ஓரிடம் வருகிறது. இரண்டாம் பகுதி நான்கு நான்கு பேராக இரு அணி. மூன்றாம் பகுதி ஐந்து பேர் ஓரணி, மூன்று பேர் இன்னோரணி. எட்டுப் பேர் இருந்தால் மூன்றும் நிறைவேறும்.

இருபது பேர் இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் தனிக்குரல் பாடும் ஆறு பேரை முதல் நாளே பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். ‘அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டால் எல்லோரும் எல்லாவற்றையும் அரைகுறையாகக் கற்பார்கள். இரண்டாவது பாஸ் யார் என்பதையும் அன்றே முடிவு செய்துவிடுங்கள், பெரும்பாலான குழுக்கள் மறந்துபோவது அந்த ஆளைத்தான்.

3. ஒரே பதிப்பை எல்லோர் கையிலும் கொடுங்கள்

ஐஎம்எஸ்எல்பி, சிபிடிஎல் என்ற இசைத்தாள் இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கும். விலைக்கு வாங்குவதானால் பேரன்ரைட்டர், காருஸ் போன்ற பதிப்பகங்களைப் பாருங்கள். ஆளுக்கொரு இடத்தில் இறக்கிக்கொண்டு வந்தால் பயிற்சி பாழ். பதிப்புக்குப் பதிப்பு சுருதி உயர்த்தப்பட்டோ தாழ்த்தப்பட்டோ இருக்கலாம், ஸ்வரங்களின் நீளம் பாதியாக்கப்பட்டிருக்கலாம், பார் (தாளக் கட்டம்) எண்கள் ஒத்துப்போகாது. ஒருவரே இறக்கி, அச்செடுத்து, முதலிலிருந்து கடைசிவரை பார் எண் எழுதிக் கொடுக்கட்டும்.

அச்செடுக்கும் முன் இரண்டு பாஸையும் உங்கள் மேல் சோப்ரானோவையும் அவரவர் மிகத் தாழ்ந்த, மிக உயர்ந்த இடங்களைப் பாடிப் பார்க்கச் சொல்லுங்கள். சுருதியை அரைப் படி, ஒரு படி நகர்த்துவதில் தவறே இல்லை, அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் ஆர்கன் சுருதி வேறுதான். பயிற்சி தொடங்கிய பிறகு நகர்த்துவதுதான் தொல்லை.

4. ஸ்வரத்துக்கு முன் வசனம்

முதல் பயிற்சியில் யாரும் பாட வேண்டாம். எல்லோரும் தமிழ் வேதாகமத்தோடு உட்காருங்கள். முதல் வரி யோபு 1:21, ‘நிர்வாணியாய் என் தாயின் கர்ப்பத்திலிருந்து வந்தேன்’. அதன்பின் பிலிப்பியர் 1:21, ரோமர் 14:8, யோவான் 3:16, ஏசாயா 1:18, ஏசாயா 26:20, சங்கீதம் 90:10, யோபு 19:25, ஆதியாகமம் 32:26. கடைசிப் பகுதிக்கு லூக்கா 2:29-32, வெளிப்படுத்தின விசேஷம் 14:13. ‘நீதிமான்களின் ஆன்மாக்கள் கடவுளின் கையில்’ என்ற வரியைப் பழைய திருப்புதலில் தேடினால் கிடைக்காது. அது சாலமோனின் ஞானம் 3:1, கத்தோலிக்க வேதாகமத்தில் இருக்கிறது.

ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள்: பேசுவது யார்? யாரிடம்? ‘நீர் என்னை ஆசீர்வதித்தாலொழிய உம்மைப் போகவிடேன்’ என்பது யாக்கோபு இரவெல்லாம் போராடிவிட்டுச் சொன்னது. இதை அறியாமல் பாடுகிறவர் அந்த இடத்தைத் தாலாட்டுபோலப் பாடிவிடுகிறார். அறிந்தவர் குரலில் ஒரு பிடிவாதம் தானாக வருகிறது, நீங்கள் எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை.

5. ஜெர்மன் உச்சரிப்பு: நம் நாக்கு வழுக்கும் இடங்கள்

பாட்டுக் குழுவுக்கு ஜெர்மன் முழுதாகத் தெரிய வேண்டாம். ஆனால் தமிழ் பேசுகிறவர்களுக்கென்றே சில தவறுகள் உண்டு, அவற்றை முன்கூட்டியே அடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நாம் இரண்டு உயிரெழுத்துகளுக்கு நடுவில் வரும் வல்லினத்தை இயல்பாக மெலித்துவிடுவோம். ‘பாடம்’ என்பதில் உள்ள ட-வைச் சொல்லிப் பாருங்கள். அதே பழக்கத்தில் ‘இறந்தவர்கள்’ என்ற பொருளுள்ள சொல்லையும் ‘டோடென்’ என்று மெலித்துப் பாடுகிறோம். அது ‘டோட்டென்’ என்று கடினமாக வர வேண்டும். ‘ஃபாட்டர்’ (தந்தை) என்பதும் அப்படியே. இந்தச் சொற்களைத் தமிழில் எழுதிக்கொள்ளும்போது ஒற்று போட்டே எழுதுங்கள், நாக்கு சரியான இடத்துக்குப் போய்விடும். நாக்கை மேலண்ணத்துக்கு மடிக்காமல் பல்லின் பின்பக்கத்தில் வையுங்கள்.

‘ஃபாட்டர்’, ‘ஃபோல்க்’ (மக்கள்) ஆகிய சொற்கள் வி எழுத்தில் தொடங்கும், ஆனால் ஓசை ஃப. இரட்டை வி எழுத்துக்குத்தான் வ ஓசை.

‘நான்’ என்ற பொருளுள்ள ஜெர்மன் சொல்லின் முடிவை ‘இக்’ என்றும் பாடக் கூடாது, ‘இஷ்’ என்றும் பாடக் கூடாது. ‘ஈ’ சொல்லும் நிலையில் நாக்கை வைத்துக்கொண்டு குரலை நிறுத்திக் காற்றை மட்டும் விடுங்கள். சொல்லின் தொடக்கத்தில் எஸ் எழுத்தை அடுத்து உயிரெழுத்து வந்தால் தேனீ ரீங்கரிப்பதுபோல அதிர வேண்டும். மேலே இரண்டு புள்ளி வைத்த யு எழுத்தை நாம் ‘ம்யூ’ என்பதுபோல இரண்டாக உடைக்கிறோம்; அந்த ஓசைக்கு, ‘ஈ’ சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் ‘ஊ’ போலக் குவித்தால் ஒற்றை ஓசையாக வரும்.

பிறகு எல்லோரும் சேர்ந்து, ஸ்வரம் இல்லாமல், தாளத்தில் மட்டும் வசனத்தைப் பேசுங்கள். ஷூட்ஸ் பேச்சின் ஏற்ற இறக்கத்தைப் பிடித்துத்தான் இசை எழுதினார், அதனால் பேச்சு சரியானால் தாளத்தில் முக்கால் பங்கு தானே சரியாகிவிடும்.

6. யார் எப்போது: கலர் பென்சில் வேலை

முதல் பகுதியில் இரண்டு வகைப் பாடல் மாறி மாறி வருகிறது. தேர்ந்தெடுத்த சிலர் தனியாகவும் இருவர் மூவராகவும் பாடுவது ஒன்று. எல்லோரும் சேரும் ‘கபெல்லா’ இன்னொன்று. வேத வசனங்கள் பெரும்பாலும் தனிக்குரல்களுக்கு, கோரல் பாட்டின் வரிகளும் கீரியேயின் ‘எங்கள்மேல் இரங்கும்’ என்ற மூன்று வேண்டுதல்களும் கபெல்லாவுக்கு.

ஸ்கோர் (எல்லாக் குரல்களும் உள்ள இசைத்தாள்) முழுவதையும் புரட்டி, தனிக்குரல் இடங்களுக்கு ஒரு நிறம், கபெல்லாவுக்கு இன்னொரு நிறம் போடுங்கள். எட்டுப் பேர்தான் இருந்தாலும் போடுங்கள். நிறம் போடாத குழுவில் கபெல்லா தொடங்கும் முதல் பார் எப்போதும் பலவீனமாக இருக்கும், ஏனென்றால் பாதிப் பேர் ‘இது நமக்கா’ என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தனிக்குரலாளர்கள் கபெல்லாவிலும் பாடட்டும், நிறுத்த வேண்டாம். கபெல்லா அவர்களை மாற்ற வருவதில்லை, அவர்களோடு சேர வருகிறது.

தொடக்கத்தில் ஒரு டெனர் எந்தத் துணையும் இல்லாமல் தனியே வசனத்தை எடுத்துக் கொடுக்கிறார். அதே வேலை குளோரியாவின் தொடக்கத்திலும், மூன்றாம் பகுதியிலும் வரும். இந்த மூன்றையும் ஒருவரே செய்வது நல்லது. பெரிய குரல் தேவையில்லை. சுருதி அசையாத குரல் வேண்டும், பின்னால் ஆர்கன் சேரும்போது அவர் நகர்ந்திருந்தால் எல்லோருக்கும் கேட்டுவிடும்.

7. ஆர்கன், அடிக்குரல் வாத்தியம்

இந்த இசைக்கு ஒரு சின்ன ஆர்கனும், ஒரு வயலோனும் (வில்லால் வாசிக்கும் பெரிய அடிக்குரல் வாத்தியம்) போதும். ஷூட்ஸே தன் முன்னுரையில் மெல்லிய ஆர்கனோடு வயலோனைப் பரிந்துரைக்கிறார். வயலோன் கிடைக்காவிட்டால் செல்லோ. ஆர்கன் கிடைக்காவிட்டால் கீபோர்டில் மூடிய குழல் ஓசையைத் தேர்ந்தெடுத்து, எதிரொலி, நடுக்கம் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். பியானோ வேண்டாம். தட்டியதும் தேய்ந்துவிடும் ஓசை, நீண்டு நிற்கும் அடி ஸ்வரத்தைத் தாங்காது.

வாசிப்பவர் அலங்காரம் செய்யக் கூடாது. வலது கையில் எளிய கார்டுகள் (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்), பாடுபவரின் குரலுக்குக் கீழேயே. இருவர் மட்டும் பாடும் இடத்தில் மூன்று விரல் போதும், கபெல்லா வரும்போது கை நிறைய. ஒலி ஏறுவதும் இறங்குவதும் இதனாலேயே நடந்துவிடும்.

இவர்களை மூன்றாம் வாரத்திலேயே பயிற்சிக்கு அழையுங்கள். கடைசி வாரம் வந்தால், அதுவரை பியானோவைப் பிடித்துத் தொங்கிய பாடகர்கள் திடீரென்று பிடி இல்லாமல் போவார்கள்.

8. வேகம்

இங்கேதான் அதிகம் கெட்டுப்போகிறது. மரணத்தைப் பற்றியது என்பதால் இழுக்கிறார்கள். இழுத்தால் வசனம் உடைகிறது, மூச்சு போதாமல் வரி நடுவில் அறுபடுகிறது, அடுத்து வரும் கபெல்லாவும் பாரமாகிவிடுகிறது.

நிதானமாக நடக்கும் ஒருவரின் காலடியைத் தாளமாக வைத்துக்கொண்டு, அதே தாளத்தை முதல் பகுதி முழுவதும் காப்பாற்றுங்கள். தனிக்குரலுக்கு ஒரு வேகம், கபெல்லாவுக்கு ஒரு வேகம் என்று வைக்காதீர்கள். தாளம் ஒன்றே, அதற்குள் சொற்கள் வேகமாகவோ மெதுவாகவோ வரும்படி ஷூட்ஸே எழுதிவிட்டார். தாள எண்ணிக்கை மாறும் இடங்களில் பழைய தாளத்துக்கும் புதியதற்கும் உள்ள கணக்கைக் கைதட்டிப் பார்த்து ஸ்கோரில் எழுதிவிடுங்கள், அன்றன்று தோன்றியபடி விட வேண்டாம்.

ஒவ்வொரு வசனமும் முடியும்போது வேகத்தைக் குறைப்பது இன்னொரு நோய். குளோரியா பாகத்தில் மட்டும் வசனமும் கோரலும் மாறி மாறிப் பல முறை வருகின்றன. ஒவ்வொன்றின் முடிவிலும் பிரேக் போட்டால் கேட்பவருக்கு எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. வசனத்தின் கடைசிச் சொல் முடிந்து அடுத்த தாளத்தில் கபெல்லா வந்து நிற்க வேண்டும்.

9. பயிற்சியின் வரிசை

முதலில் கபெல்லா இடங்களை மட்டும் எடுத்து, அடுத்தடுத்துப் பாடுங்கள். எல்லோருக்கும் வேலை இருக்கும், முழு அமைப்பின் எலும்புக்கூடும் காதில் பதிந்துவிடும். தனிக்குரல் பயிற்சியை வேறு நாளில், வேறு அறையில் வையுங்கள். இருபது பேர் சும்மா உட்கார்ந்திருக்க இருவர் பாடப் பழகினால், அந்த இருவருக்கும் கூச்சம், மற்றவர்களுக்குச் சலிப்பு.

தனிக்குரல் இடங்களில் இரண்டைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

‘எங்கள் ஆயுசு நாட்கள் எழுபது வருஷம்’ என்ற இடம் இரண்டு பாஸுக்கு. கீழே ஆர்கனும் அதே உயரத்தில் ஒலிப்பதால் எல்லாம் ஒரு முணுமுணுப்பாகக் கலங்கிவிடும் ஆபத்து உண்டு. மருந்து மெய்யெழுத்துதான். ஒவ்வொரு சொல்லின் கடைசி மெய்யையும் இருவரும் ஒரே கணத்தில் சொல்ல வேண்டும். ஆர்கன் இங்கே வலது கையை மிகக் குறைக்கட்டும். இருவரும் குரலைக் கருமையாக்க முயல வேண்டாம், பேசும் குரலுக்கு நெருக்கமாகவே பாடட்டும். உழைத்துக் களைத்த இரண்டு முதியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள் என்று நினைத்தால் சரியாக வரும்.

‘உங்கள் பாவங்கள் சிவேரென்றிருந்தாலும்’ என்ற ஏசாயா வசனத்தில் இரத்தச் சிவப்பு, உறைபனி வெண்மை என்ற இரு நிறங்களும் அடுத்தடுத்து வருகின்றன. சிவப்பில் அழுத்தி வெண்மையில் மெலிப்பதுதான் எல்லோரும் செய்வது, அது போதாது. நடுவிலுள்ள ‘ஆனாலும்’ என்ற பொருள் தரும் சின்னச் சொல்தான் வசனத்தைத் திருப்புகிறது. அதற்கு இடம் கொடுத்தால் இரண்டு நிறமும் தானாகத் தெரியும்.

10. இரண்டாம் பகுதி: முகம் பார்த்துப் பாடுங்கள்

நான்கு குரல் அணிகள் இரண்டு, ஒருவருக்கொருவர் பதில் சொல்கின்றன. ‘பரலோகத்தில் உம்மையல்லாமல் எனக்கு யார் உண்டு?’ மூன்றில் எளிதானதும் குறுகியதும் இதுதான், ஆகவே அதிக நேரம் எடுக்காதீர்கள்.

பலமானவர்களை ஓரணியிலும் புதியவர்களை இன்னோரணியிலும் போடக் கூடாது, பதில் எப்போதும் மங்கலாக வரும். ஒவ்வோர் அணியும் தனியாகப் பாடி உறுதியான பிறகு எதிரெதிரே நிறுத்துங்கள். மற்ற அணியின் வரி முடியும் முன்பே மூச்செடுத்துத் தயாராக நிற்கப் பழக்குங்கள். ‘உம்முடைய முறை’ என்று நடத்துநர் கைகாட்டும்வரை காத்திருக்கிற அணி எப்போதும் பிந்தித்தான் வரும்.

11. மூன்றாம் பகுதி: இடம்தான் இசை

இதைக் கடைசிக்கு விட்டுவைக்காதீர்கள். ஸ்வரம் எளிது, ஆனால் இடம் பழகப் பல பயிற்சி பிடிக்கும். இரண்டாவது வாரமே தொடங்குங்கள்.

ஐந்து பேர் கொண்ட முதல் அணி ஆர்கன் பக்கத்தில் நின்று சிமியோனின் சொற்களைப் பாடுகிறது: ‘ஆண்டவரே, உமது அடியேனை இப்பொழுது சமாதானத்தோடே போகவிடுகிறீர்.’ இரண்டாவது அணியில் மூன்றே பேர். இரண்டு சோப்ரானோ வானதூதர்கள், ஒரு பாரிடோன் (டெனருக்கும் பாஸுக்கும் நடுவிலான ஆண்குரல்) பேரின்பம் அடைந்த ஆன்மா. அவர்கள் தூரத்தில் நின்று வேறு சொற்களைப் பாடுகிறார்கள்: ‘கர்த்தருக்குள் மரிக்கிறவர்கள் பாக்கியவான்கள்.’ அடக்கம் செய்கிறவர்கள் இங்கே, இறந்தவர் ஏற்கெனவே அங்கே. விரும்பினால் இந்த மூவர் அணியைப் பிரதியெடுத்துத் தேவாலயத்தின் பல மூலைகளில் நிறுத்தலாம் என்றும் ஷூட்ஸ் எழுதியிருக்கிறார்.

எட்டுப் பேர் குழுவானால் இரண்டு சோப்ரானோவையும் ஒரு பாஸையும் தூரத்துக்கு அனுப்புங்கள். மீதி ஐவர் முதல் அணி. அதன் மேல்குரலை ஆல்டோ எட்டுகிறாரா என்று முன்பே பாடிப் பாருங்கள்.

படிப்படியாக இப்படிச் செய்யுங்கள். முதலில் எட்டுப் பேரும் ஒரே வட்டத்தில் நின்று பாடுங்கள். அடுத்த முறை மூவரும் பத்தடி தள்ளி. அப்புறம் கூடத்தின் மறு கோடி. கடைசியாகத்தான் பார்வைக்கு மறைந்த இடம், மாடியோ பக்க அறையோ. ஒரே தாவலில் தூரம் போனால் மூவரும் பிந்துவார்கள், ஏனென்றால் ஆர்கன் ஓசை அவர்களை எட்டச் சற்று நேரமாகிறது, அவர்கள் குரல் திரும்பி வர மேலும் நேரமாகிறது. காதால் கேட்டுச் சேர்ந்தால் இரட்டைத் தாமதம். ஆகவே அந்த மூவரும் காதை நம்பாமல் நடத்துநரின் கையைப் பார்க்க வேண்டும், கைக்குச் சற்று முந்தியே பாட வேண்டும். கை தெரியாத இடமானால் நடுவில் ஒருவர் நின்று தாளத்தைக் கடத்தட்டும்.

சுருதியும் நழுவும். மூவர் பக்கத்தில் ஒரு சிறு கீபோர்டை வைத்துத் தாழ்ந்த ஒலியில் ஆதார ஸ்வரம் கொடுத்தால் போதும். மைக் வைக்காதீர்கள். ஒலிபெருக்கி வழியாக வந்தால் தூரம் அழிந்துவிடும், அந்தத் தூரத்துக்காகத்தான் இந்தப் பகுதியே எழுதப்பட்டது.

மூவர் ‘தேவதை போல’ காற்றோட்டமாகப் பாடுவது இன்னொரு தவறு. அந்தக் குரல் பாதி வழியிலேயே கரைந்துவிடும். முழுக் குரலில், தெளிவான சொல்லோடு பாடட்டும். மென்மையைத் தூரம் பார்த்துக்கொள்ளும்.

12. பாடும் நாள்

கேட்பவர்களுக்கு ஒரு தாள் அச்சிட்டுக் கொடுங்கள்: வசனங்கள் தமிழில், பாடும் வரிசையில், அதிகாரமும் எண்ணும் போட்டு. மூன்றாம் பகுதியில் இரண்டு அணியின் சொற்களையும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பத்தியாக அடியுங்கள், ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டால் அடுத்தடுத்துப் பாடுவதாக நினைத்துவிடுவார்கள்.

பகுதிகளுக்கு நடுவில் கைதட்டல் வேண்டாம் என்று தாளிலேயே எழுதிவிடுங்கள். மூவர் அணி தூர இடத்துக்கு நடந்து போக இரண்டாம் பகுதிக்கும் மூன்றாவதற்கும் நடுவில் நேரம் வேண்டும். அந்த இடைவெளியில் ஒருவர் லூக்கா 2:25 முதல் 32 வரை வாசிக்கட்டும். வாசிப்பு முடியும்போது மூவரும் இடத்தில் நின்றிருக்கிறார்களா என்று பார்க்க ஓர் ஆளை அங்கேயே நிறுத்தி, அவர் கை காட்டிய பிறகு டெனர் தொடங்கட்டும்.